வாலைத் தூக்கு

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது எழுத்துப் பிழை. செய்தது நான்.

படக்கதைகளில் ஆட்கள் பேசும்போது வாய்க்குப் பக்கத்தில் ஒரு குமிழி வரும் அல்லவா, அந்தக் குமிழிக்குள் எழுத்து எழுதுவதுதான் இருபத்தாறு வருடம் என் பிழைப்பு. கதையை ஒருவர் யோசிப்பார், படத்தை ஒருவர் வரைவார், கடைசியில் பக்கம் என் கைக்கு வரும். மையில் தொட்டு எழுதும் பேனா, கறுப்பு மை, தவறினால் பூசி மறைக்க ஒரு சின்னக் குப்பியில் வெள்ளை. அவ்வளவுதான் என் தொழிற்சாலை. இன்றும் அந்த மூன்றும் என் கைப்பையில்தான் இருக்கின்றன. புத்தகத்தில் என் பெயர் வந்ததில்லை. நானும் கேட்டதில்லை.

'ஏழாம் காவலன்' தொடருக்குப் படம் வரைந்தவரை நான் அண்ணன் என்பேன். அவர் என்னைக் குமிழி என்பார். அவர் வீட்டு முன்னறையில் ஒரே மேசைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் உட்கார்ந்து வேலை செய்தோம். மேசைக்கு அடியில் அவருடைய ஒரே மகள் இருப்பாள். ஏழு வயது. பள்ளிக்கூடத்தில் அவளுக்கு வேறு பெயர், வீட்டில் எல்லோருக்கும் அவள் வாலு. மைக்கூட்டில் விரலை விடுவாள். நான் எழுதும் நேரம் பார்த்து மேசையை ஆட்டுவாள். அப்பா தூரிகையைக் கையில் எடுத்துவிட்டால் போதும், அப்போதுதான் இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு, "தூக்குப்பா, தூக்கு" என்று வந்து நிற்பாள்.

நாற்பத்தொன்றாம் கதையில் ஒரு கட்டம். காவலன் கோட்டைச் சுவரின் விளிம்பில் ஒரு கையால் தொங்குகிறான். அவனுடைய வாள் மேலே ஒரு சிறுமியின் காலடியில் கிடக்கிறது. "பாப்பா, வாளைத் தூக்கு!" என்கிறான். சிறுமி வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். அந்தச் சிறுமிக்கு அண்ணன் தன் மகளையே எதிரில் நிற்கவைத்து வரைந்தார். நான் குமிழிக்குள் பெரிய ள போட வேண்டிய இடத்தில் சின்ன ல போட்டுத் தொலைத்தேன். "பாப்பா, வாலைத் தூக்கு!" என்று அச்சாகி ஊர் உலகமெல்லாம் போய்விட்டது. பக்கத்தைச் சரிபார்த்து அனுப்பியது அண்ணன். ஒரு புள்ளி விலகினாலும் பிடித்துவிடுகிற மனிதர் இதை எப்படிக் கோட்டை விட்டார் என்று எனக்கு வருடக்கணக்கில் விளங்கவில்லை.

அடுத்த வருடம் ஒரு காய்ச்சல் வந்தது. நான்கே நாளில் வாலு போய்விட்டாள்.

அவளுடைய புகைப்படங்கள் வீட்டில் இருக்கின்றன. எல்லாவற்றிலும் சீருடை போட்டுக்கொண்டு விறைப்பாக நிற்கிறாள். அவள் சிரிப்பது அந்த ஒரு கட்டத்தில்தான். அதுவும் புத்தகத்தில் பார்க்க முடியாது. மட்டமான தாளில் மை ஊறி, நகத்தளவு முகத்தில் சிரிப்பு ஒரு கறையாகிவிட்டது. மூலப்பக்கத்தில்தான் அது முகம். அந்த மூலப்பக்கமோ பதிப்பகத்தின் கிடங்கில் மாட்டிக்கொண்டது. பதிப்பகம் மூடியபோது கிடங்கோடு சேர்த்து 'ஏழாம் காவலன்' ரசிகர் பேரவைக்கு விற்றுவிட்டார்கள்.

அண்ணனுக்கு இப்போது எழுபத்து நான்கு. கை நடுங்குகிறது, ஒரு கண் போய்விட்டது, இன்னொன்று போய்க்கொண்டிருக்கிறது. "இதுவும் போறதுக்குள்ள அவ முகத்தை ஒரு தடவை பார்த்துடணும் குமிழி" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

பேரவைக்கு மூன்று கடிதம் எழுதினோம். மூன்றாவதற்குப் பதில் வந்தது. 'தங்கள் ரசிக ஆர்வத்தைப் பாராட்டுகிறோம். தொடக்கநிலை உறுப்பினர் படிவம் இணைக்கப்பட்டுள்ளது.' கூடவே ஒரு வண்ண அழைப்பிதழ். இந்த வருட மாநாட்டில், மாலை நான்கு மணிக்கு, நாற்பத்தொன்றாம் கதையின் மூலப்பக்கம் இருநூற்று நாற்பது துண்டுகளாக வெட்டப்பட்டுத் தங்க உறுப்பினர்களுக்கு வழங்கப்படும் என்று அதில் தங்க எழுத்தில் போட்டிருந்தது. நான் அழைப்பிதழை அண்ணனுக்குக் காட்டவில்லை. நேரில் போய்ச் சொன்னால் புரிந்துகொள்வார்கள், அவர்களும் மனிதர்கள்தானே என்று கிளம்பினேன்.

மாநாட்டு மண்டபத்தின் வாசலில் நின்றபோதுதான் என் பிழை எவ்வளவு வளர்ந்திருக்கிறது என்று எனக்குத் தெரிந்தது. உள்ளே போகிற ஆயிரக்கணக்கான பேருக்கும் வால் இருந்தது. துணி வால், கம்பி வால், மின்கலம் போட்டால் ஆடுகிற வால். அப்பா, அம்மா, கைக்குழந்தை என்று குடும்பத்தோடு வால் கட்டிக்கொண்டு வந்திருந்தார்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததும் "வாலைத் தூக்கு!" என்றார்கள். "தூக்கினேன்!" என்று பதில் வந்தது.

காவலாளி என் பின்பக்கத்தைச் சுற்றிப் பார்த்தார்.

"வால் எங்கம்மா?"

"எனக்கு வால் இல்லப்பா."

"மறந்துட்டீங்களா, இல்ல கொள்கையா?"

"மனுஷிக்கு எதுக்குப்பா வால்?"

அவர் முகம் மாறியது. "கொள்கைதான்" என்று ஒரு அட்டையில் குறித்து, என்னைத் தனி வரிசைக்கு அனுப்பினார். அது ஐயப்பாட்டாளர் வரிசை. அங்கே என்னைத் தவிர யாரும் இல்லை. ஆனாலும் கயிறு கட்டியிருந்த வளைவுகள் எல்லாவற்றிலும் சுற்றித்தான் வரவேண்டும் என்றார்கள். சுற்றி வந்தேன்.

வரிசையின் முடிவில் உண்மை ரசிகர் தேர்வு. இருபது கேள்வி. காவலனின் குதிரைக்கு எத்தனை லாடம், மூன்றாம் கதையில் மழை எந்தப் பக்கத்தில் தொடங்குகிறது என்றெல்லாம் கேட்டிருந்தார்கள். இருபதாவது கேள்விக்கு மட்டும் ஐம்பது மதிப்பெண். 'வாலைத் தூக்கு என்பதன் உட்பொருளை வாலியல் நோக்கில் விளக்குக.'

நான் எழுதினேன்: 'எழுத்துப் பிழை. வாளை என்று இருக்க வேண்டும். எழுதியது நான்தான். மன்னிக்கவும்.'

தேர்வாளர் அதைப் படித்துவிட்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். நாற்பது வயது இருக்கும். வாலியலில் ஆய்வுப் பட்டம் வாங்கியவர் என்று சட்டையில் குத்தியிருந்த அட்டை சொன்னது.

"எழுதினது நீங்களா?"

"ஆமாங்க."

"எழுதினவங்க சொல்றதை நாங்க ஆதாரமா எடுத்துக்கறதில்லம்மா. அவங்களுக்கு என்ன தெரியும்? அவங்க எழுதிட்டுப் போயிடறாங்க. முப்பது வருஷமா உட்கார்ந்து புரிஞ்சுக்கறது நாங்க."

"அதுல புரிஞ்சுக்க ஒண்ணும் இல்லீங்களே. சின்ன ல போட்டுட்டேன்."

"சரி, அதே எழுத்தை இதுல போட்டுக் காட்டுங்க" என்று ஒரு தாளைத் தள்ளினார்.

பேனாவை எடுத்து எழுதிக் காட்டினேன். அவர் பூதக்கண்ணாடியை வைத்துப் பார்த்தார், உதட்டைப் பிதுக்கினார்.

"நல்ல முயற்சி. ஆனா அசல்ல இந்த ல மேல ஒரு நடுக்கம் இருக்கும். வால் ஆடறதுக்கான குறியீடு அது. அதைப் பத்தி நான் நூத்திப்பத்துப் பக்கம் எழுதியிருக்கேன். உங்களோடது நேரா இருக்கு."

அந்த நடுக்கம் வாலு மேசையை ஆட்டியதால் வந்தது. அதைச் சொல்ல வாயெடுத்தேன். அவர் ஏற்கெனவே முத்திரையைக் குத்திவிட்டார். என் கையெழுத்துக்கு நானே அந்நியம் என்று சொல்ல இவர் யார்?

"அப்போ நான் உள்ள போகவே முடியாதுங்களா?"

"போகலாமே" என்று அன்பாகவே சொன்னார். "வால் இல்லாதவங்க தொண்டர் பிரிவுல போகலாம். துடைக்கறது, பெருக்கறது. அதுக்குத் தேர்வு கிடையாது."

நீல மேலங்கியும் வாளியும் துணியும் கொடுத்து உள்ளே விட்டார்கள். மேலங்கியைப் போட்டுக்கொண்டதும் ஒரு வசதி. அதற்குப் பிறகு என்னை யாருமே பார்க்கவில்லை.

முதல் அரங்கில் நாற்பத்தொன்றாம் கதையை நாடகமாகப் போட்டார்கள். மேடையில் சிந்தியிருந்த தண்ணீரைத் துடைத்துக்கொண்டே பார்த்தேன். காவலனாக நடித்தவர் சுவரில் தொங்கிக்கொண்டு, "வாலைத் தூக்கு!" என்று சபையைப் பார்த்து முழங்கினார். இரண்டாயிரம் வால்கள் எழுந்தன. மேலே சிறுமி இல்லை. திரைக்குப் பின்னால் இயக்குநரிடம் கேட்டேன்.

"அந்தப் பொண்ணா? அதுக்கு வசனமே இல்லையே. சும்மா சிரிக்குது. எடுத்துட்டோம்."

இரண்டாம் அரங்கில் அசைவூட்டப் படத்தின் முன்னோட்டம். வாலின் ஒவ்வொரு மயிரையும் தனித்தனியாக அசைக்க எண்பது பேர் இரண்டு வருடம் வேலை செய்ததாக அறிவித்தார்கள். சிறுமி இருந்த இடத்தில் ஒரு அணில் இருந்தது. அணிலுக்கு இயற்கையிலேயே வால் உண்டு என்று தயாரிப்பாளர் விளக்கியதும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நான் துணியைப் பிழிந்தேன். அவர் கழுத்தைப் பிழிவதாக நினைத்துக்கொண்டு பிழிந்தேன்.

பிறகு என்னைப் பெரிய மேடைக்கு அனுப்பினார்கள். அங்கேதான், கண்ணாடிச் சட்டத்துக்குள், அந்தப் பக்கம் இருந்தது.

முப்பது வருடம் கழித்து அவளைப் பார்த்தேன். கன்னத்தில் விரல் அழுந்திய இடம், விரலிடுக்கில் தெரியும் முன்பல் விழுந்த சந்து, சிரிப்பில் சுருங்கிய கண். பக்கத்தின் மேல் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போட்டிருந்தார்கள். அருகிலேயே வெட்டும் இயந்திரம், துணி போர்த்தி, மாலை திறப்பதற்காகக் காத்திருந்தது.

பேரவைத் தலைவர் ஒலிபெருக்கி முன்னால் நின்று மாலைப் பேச்சைப் பழகிக்கொண்டிருந்தார். பட்டு வால் போட்டிருந்தார், அதைப் பிடித்துக்கொள்ள ஒரு உதவியாளர் இருந்தார்.

"படைச்சவங்க இன்னைக்கு இருப்பாங்க, நாளைக்குப் போயிடுவாங்க. ரசிகன்தான் நிரந்தரம்! வரைஞ்சவருக்கு இது வெறும் தாள். நமக்கு இது உயிர். உயிரை ஒருத்தர் வீட்டுல பூட்டி வைக்கலாமா? அதனாலதான் வெட்டறோம். அன்பு இருக்கற இடத்துலதான் பங்கு கேப்பாங்க! ... இந்த இடத்துல கைதட்டல். குறிச்சுக்க."

உதவியாளர் குறித்துக்கொண்டார்.

நான் வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். வரைந்தவர் உயிரோடு இருக்கிறார், பார்வை போய்க்கொண்டிருக்கிறது, அந்தச் சிறுமி அவர் மகள், இறந்துவிட்டாள், சிரிக்கிற படம் இது ஒன்றுதான் என்று சொன்னேன். அந்த ஒரு கட்டத்தை மட்டுமாவது விட்டுவிடுங்கள் என்று கையைக் கூப்பிக் கெஞ்சினேன்.

தலைவர் மிகவும் உருகிவிட்டார். கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்டார். "எவ்வளவு பெரிய செய்தி! இதைப் பேச்சுல சேர்த்துக்கலாம்" என்று உதவியாளரிடம் சொன்னார். பிறகு, "அந்தக் குழந்தை முகம் எந்தத் துண்டுல வருது, பாரு" என்றார்.

உதவியாளர் வரைபடத்தைப் பார்த்தார். "பதினேழு, பதினெட்டுங்க. மூக்குக்கு நடுவுல கோடு போகுது."

"பாருங்கம்மா" என்றார் தலைவர். "நீங்க தங்க உறுப்பினராயிட்டா பதினேழுக்கு விண்ணப்பிக்கலாம். ஒரு கண்ணும் அரை மூக்கும் வரும். குலுக்கல்தான். ஆனா உங்களுக்காக நான் மனசார வேண்டிக்கறேன்."

சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். போகிற போக்கில் உதவியாளர் ஒரு சாவியை என்னிடம் நீட்டினார். "கண்ணாடியில தலைவர் கைரேகை விழுந்திருக்கு. உள்பக்கமும் துடைச்சிடுங்க. புகைப்படக்காரங்க வருவாங்க."

மேடை காலியாக இருந்தது. நான் சட்டத்தைத் திறந்தேன். பக்கத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு ஓடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வாசலில் காவலாளி ஒவ்வொரு பையையும் கொட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார், ஓடுகிற வயதும் எனக்கு இல்லை. ஒரு கண்ணும் அரை மூக்குமாம்!

கண் அந்தக் குமிழியில் போய் நின்றது. இத்தனை கூத்துக்கும் காரணமான அந்த ஒற்றை எழுத்து. சே, அன்றைக்கே இதைத் திருத்தித் தொலைத்திருந்தால் என்று நினைத்தேன். நினைத்த மாத்திரத்தில் என் கை பைக்குள் போய்விட்டது.

வெள்ளைக் குப்பியைத் திறந்தேன். சின்ன ல மேல் ஒரு பூச்சு. உறுப்பினர் நடத்தை விதிகள் என்ற அட்டை ஒன்று கிடந்தது, அதை எடுத்து விசிறிக் காயவைத்தேன். பிறகு மையில் தொட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பெரிய ள. அழகாக வந்தது. கண்ணாடியை மூடி, உள்பக்கமும் வெளிப்பக்கமும் பளிச்சென்று துடைத்தேன்.

நான்கு மணிக்கு மண்டபம் நிரம்பி வழிந்தது. தலைவர் பேசினார். என் அண்ணனின் மகள் இறந்த செய்தி சரியான இடத்தில் வந்தது, அதற்கும் கைதட்டினார்கள். வெட்டுவதற்கு முன் பக்கத்தின் உண்மைத்தன்மையை உறுதிசெய்யக் காலையில் என்னைத் தோற்கடித்த அதே தேர்வாளர் மேடையேறினார். பூதக்கண்ணாடியோடு குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"என்னாச்சு?" என்றார் தலைவர்.

"வாளை" என்றார் தேர்வாளர். ஒலிபெருக்கியில் அது மண்டபம் முழுக்கக் கேட்டது. "வாளைத் தூக்குன்னு இருக்கு!"

பின்வரிசையில் ஒரு பெண் வீறிட்டு அழுதாள். ஒருவர் தன் வாலைப் பிடுங்கி எறிந்தார், பக்கத்திலிருந்தவர் அதை எடுத்து மறுபடி அவருக்கே கட்டிவிட்டார். தலைவர் ஒலிபெருக்கியை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"இது சதி! நம்ம முப்பது வருஷ ஆராய்ச்சியை அழிக்கறதுக்கு யாரோ போலிப் பக்கத்தைக் கொண்டாந்து வெச்சிருக்காங்க!"

"போலிதான்" என்றார் தேர்வாளர், உயிர் திரும்பி வந்தவராக. "இங்க பாருங்க, எழுத்துக்கு அடியில வெள்ளை பூசியிருக்கு. அசல் பக்கத்துல வெள்ளை எதுக்கு வருது? மேதைங்க அழிச்சு எழுத மாட்டாங்க. எழுத்துலயும் நடுக்கம் இல்ல. காலையில ஒரு அம்மா கூட இப்படித்தான் நேரா எழுதினாங்க, சாதாரண நகல் எழுத்து."

அந்தப் பக்கத்தில் மட்டும் பதினொரு இடத்தில் வெள்ளை இருக்கிறது. காவலனின் இடது காது முழுக்க வெள்ளைமேல் வரைந்ததுதான். அந்த மண்டபத்தில் இருந்த ஆயிரக்கணக்கான உண்மை ரசிகர்களில் ஒருவர்கூட ஒரு பக்கம் எப்படி உருவாகிறது என்று பார்த்ததில்லை.

அசல் இல்லாமல் விழா நின்றுவிடுமே என்று யாரோ கேட்டார்கள். தலைவருக்கு அதற்கும் வழி இருந்தது. போன வருடம் எடுத்து வைத்திருந்த வண்ண நகலில் 'வாலை' என்று தெளிவாக இருப்பதால் இனி அதுவே அசல் என்று அங்கேயே தீர்மானம் போட்டார்கள். கையொலி அடங்க நேரமாயிற்று. நகலை இருநூற்று நாற்பதாக வெட்டினார்கள். வாங்கியவர்கள் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள்.

உதவியாளர் மூலப்பக்கத்தை இரண்டு விரலால் பிடித்து என் வாளிக்கு மேல் நீட்டினார்.

"இதைக் குப்பையில போட்டுடும்மா."

"சரிங்க" என்றேன்.

வாசலில் காவலாளி பையைக் கொட்டச் சொன்னார். பேனா, மை, வெள்ளை, சுருட்டிய பக்கம் எல்லாம் மேசைமேல் விழுந்தன. "இதென்ன?" என்றார். "குப்பைங்க, உள்ள போடச் சொன்னாங்க, வெளியில போட்டுக்கறேன்" என்றேன். நீல மேலங்கியைப் பார்த்துவிட்டுக் கையை அசைத்தார்.

அண்ணன் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது விளக்கு ஏற்றும் நேரம். அண்ணி கதவைத் திறந்து, என் கையில் இருந்த சுருளைப் பார்த்ததும் மேசையைத் துடைத்து வைத்தார். அதே மேசை. பக்கத்தை விரித்து நான்கு மூலையிலும் நான்கு பொருளை வைத்தேன். அண்ணன் இருக்கிற ஒரு கண்ணைத் தாளோடு ஒட்டிக்கொண்டு குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை. அண்ணி அவர் முதுகில் கைவைத்துக்கொண்டு நின்றார்.

"முன்பல்லு விழுந்திருக்கு பாரு" என்றார் அண்ணன். "மறந்தே போயிட்டேன்."

பிறகு அவர் கண் மெல்ல மேலே நகர்ந்து குமிழிக்குப் போனது.

"இங்க என்ன, புது வெள்ளை?"

நடந்ததையெல்லாம் சொன்னேன். வால், தேர்வு, அணில், அரை மூக்கு, எல்லாம். கடைசியில், "போகட்டும் அண்ணே, முப்பது வருஷம் கழிச்சாவது என் பிழையைத் திருத்திட்டேன்" என்றேன்.

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை.

"கொஞ்சம் ஈரத்துணி குடு."

வாங்கி, நடுங்குகிற விரலால் நான் எழுதிய ள மேல் மெதுவாகத் தேய்த்தார். வெள்ளை கரைந்து வந்தது. அடியிலிருந்து சின்ன ல, அதன் நடுக்கத்தோடு, எழுந்து வந்தது.

"நான் பார்க்கலைன்னா நினைச்சே? அன்னைக்கே பார்த்தேன் குமிழி. திருத்தறதுக்கு வெள்ளையை எடுத்துட்டேன். இவ மேசைக்கு அடியிலேர்ந்து வந்து கையைப் பிடிச்சுக்கிட்டா. 'அப்பா, என் பேரு வந்திருக்கு, அழிக்காதப்பா'ன்னா. 'வாலைத் தூக்குன்னு போட்டிருக்கு, தூக்குப்பா'ன்னு கையை நீட்டிட்டு நிக்கறா."

"தூக்குனீங்களா?" என்றார் அண்ணி. அது அவருக்கும் புதிய செய்தி.

"வேலை இருக்கு, போன்னு சொல்லிட்டேன். எழுத்தை மட்டும் விட்டுட்டேன்."

அண்ணன் மூலைகளில் வைத்திருந்த பொருள்களை ஒவ்வொன்றாக நகர்த்தினார். பக்கத்துக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்து, நடுங்க நடுங்க, அதைத் தூக்கிக்கொண்டார்.